கை நனைக்காத சம்பந்தி

அந்தக் கதவையே பாத்துட்டு நின்னா சீக்கிரம் தெறந்துருவாங்களா, அம்மணி? வாங்க, இப்படி உக்காருங்க, எடம் இருக்குது. பதினோரு மணிக்கு உள்ள விடறோம்னு போர்டுல எழுதியிருக்குது. எழுதறதுக்கென்ன, எழுதுவாங்க. அந்த வாச்சுமேன் இருக்கறான் பாருங்க, அவன் மனசு வச்சாத்தான் பதினொண்ணு ஆகும். கலெக்டரே வந்தாலும் பாஸ் எங்கேன்னுதான் கேப்பான்.

உங்களுக்கு உள்ள ஆரு? அம்மாவா? வயிறுதானா? இந்த மாடி முச்சூடும் வயிறுதானுங்க. கீழ கண்ணு, மேல எலும்பு, நடுவுல நாம. கண்ணுக்காரங்களும் எலும்புக்காரங்களும் சத்தமாப் பேசறாங்க. நம்ம மாடியிலதான் எல்லாரும் குசுகுசுன்னு பேசறது. வயித்தைப் பத்திப் பேசறதுல அவ்வளவு வெக்கம்.

எனக்கு உள்ள ஆருன்னு கேக்கறீங்களா? சொன்னாச் சிரிக்கப்படாது. சம்பந்தி. இன்னும் சம்பந்தி ஆகலை. ஆகறதுக்கு முன்னாலயே ஆசுபத்திரியில படுக்க வச்சுட்டேன்னு ஊருக்குள்ள பேச்சு. நான் படுக்க வைக்கலீங்க. சோறு போட்டேன். சோறு போட்டது குத்தம்னு நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா? நான் பட்டதில்லை. இந்தக் காலத்துல அதுவும் குத்தமாயிருச்சு.

எங்கூரு பவானிக்கு அந்தாண்டை. பேரைச் சொன்னாத் தெரியாது, பஸ்சுக்காரனுக்கே அப்பப்ப மறந்து போகுது. மஞ்சக்காடு, கொஞ்சம் கரும்பு, கட்டுத்தறியில எருமைக. ஒரே பையன், பூபதி. படிச்சுட்டுப் பெருந்துறையில ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கறான். வயசு முப்பத்தாறு. ஏன் இன்னும் ஆகலைன்னு கேக்காதீங்க. எங்க பக்கத்துப் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஊட்டுல எருமைய வித்துப்போட்டா யோசிக்கறோம்னாங்க. இன்னொரு ஊட்டுல பையன் பெங்களூருக்கு மாறிக்குவானான்னாங்க. ஒரு மகராசி போன்லயே கேக்கறா, மாமியாரும் கூடவா இருப்பாங்கன்னு. இல்லம்மா, மாமியாரைக் கட்டுத்தறியில கட்டிப் போட்டுருவோம்னு சொன்னேன். அதுக்கப்பறம் அவங்க பேசவே இல்லை. ரோசக்காரங்களாட்ட இருக்குது.

ஆனா சோத்துல எங்கூட்டை ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுங்க. வந்தவங்க சாப்பிடாமப் போனதுங்கற பேச்சே கெடையாது. கரண்ட்டு ரீடிங் எடுக்க வர்ற தம்பிக்குக்கூட ஒப்பிட்டு சுட்டுக் குடுப்பேன். போளின்னு நீங்க சொல்லுவீங்களே, அதுதான். நெய்ய ஊத்தி, எதுத்தாப்பல நின்னு, திங்க வச்சுத்தான் அனுப்புவேன். இப்பெல்லாம் அந்தத் தம்பி கேட்டுக்கு வெளியவே நின்னு எட்டிப் பாத்து எழுதிட்டு ஓடிப் போகுது. பாவம், வேலை அதிகமாட்ட இருக்குது.

எங்கூட்டுக்காரருக்கு எழுவத்தொண்ணு. சாப்பாட்டுல கோளாறு சொல்லாத மனுசன்னா அவருதான். வச்சதைச் சாப்பிடுவாரு. போதும்னு கையக் குறுக்க வச்சாலும் நான் அந்தக் கையத் தள்ளிட்டு வைப்பேன், அதையும் சாப்பிட்டுருவாரு. எந்திரிக்கையில பெருசா ஒரு ஏப்பம். திருப்தியிங்க. அப்பறம் கையப் பின்னால கட்டிட்டுக் களத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாரு. பண்ணையம் பண்றவங்க அப்படித்தானே எல்லாத்தையும் பாத்துக்கோணும். ராத்திரி கட்டில்ல படுக்க மாட்டாரு, ஈசிசேர்ல சாஞ்ச மேனிக்கே தூங்குவாரு. அங்கதான் காத்து வருதாமா. காலையில பேப்பரை எடுத்துட்டுப் பொடக்காளிப் பக்கம், கக்கூசுக்குத்தான், போனாருன்னா ஒரு மணி நேரமாகும் வர்றதுக்கு. அவ்வளவு படிப்பு. மாட்டுக்கொட்டாயில தவிட்டு மூட்டைக்குப் பின்னால என்னமோ ஒரு பொடி டப்பா வச்சிருக்கறாரு, எருமைக்குன்னு நெனைக்கறேன். நானும் அதையெல்லாம் தோண்டித் துருவிக் கேக்கறதில்லை.

இப்படி இருக்கையில தரகர் மாரப்பன் ஒரு சாதகத்தைக் கொண்டாந்தான். பொண்ணு பேரு தாரணி. காங்கயம் பக்கம். காலேஜ்ல லைப்ரரியில வேலை. அப்பன் சென்னியப்பன், பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அம்மா இல்லை, புள்ள பள்ளிக்கூடம் போறப்பவே தவறிட்டாங்க. இந்த மனுசன்தான் தனியா வளத்திருக்கறாரு. பொங்கிப் போட்டு, ஜடை பின்னி விட்டு, எல்லாம் அவருதான். சாதகம் பொருந்துச்சு. பசங்க ரெண்டும் போன்ல பேசிப் புடிச்சும் போச்சு. எம் பையன் சிரிச்சுட்டே போன் பேசறதை அப்பத்தானுங்க நான் மொதல் தடவையாப் பாத்தேன்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. பொண்ணு ஊட்டுக்காரங்க பையன் ஊட்டைப் பாக்க வருவாங்க. ஊடு வாசல், காடு கரையெல்லாம் பாப்பாங்க. புடிச்சுதுன்னா எலையில உக்காந்து கை நனைப்பாங்க. புடிக்கலைன்னா, ஊருக்குப் போயிப் பேசிட்டுச் சொல்றோம்னு தண்ணியக் குடிச்சுட்டுக் கெளம்பிருவாங்க. வாய் தெறந்து வேண்டாம்னு ஒருத்தரும் சொல்றதில்லை, எதுக்கு மனசங்கடம். சாப்பிட்டாச் சரி, சாப்பிடலைன்னா இல்லை. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் இது.

வாத்தியார் வந்தாரு. கம்பத்தை நட்டாப்பல நேரா நிக்கறாரு. ஊட்டைப் பாத்தாரு, நல்லா இருக்குதுன்னாரு. காட்டைப் பாத்தாரு. எருமைய முதுகுல தட்டிக் குடுத்தாரு, அதுவும் சும்மா நின்னுச்சு. எங்கூட்டுக்காரர் கூட மஞ்ச வேக வைக்கறதைப் பத்தி நொம்ப நேரம் பேசினாரு. எனக்குக் காலு தரையில நிக்கலை. கோழி கூப்பிடறப்பவே எந்திரிச்சு சந்தகை, நீங்க சொல்ற இடியாப்பந்தான், அதைப் புழிஞ்சு, தேங்காப்பால் எடுத்து, ஒப்பிட்டுக்குப் பருப்பு வேக வச்சு, பச்சப்பயிறு கடைஞ்சு, வடை, பாயாசம், எருமைத் தயிருன்னு நிக்க நேரமில்லாம ஓடிட்டுக் கெடந்தனுங்க. எலையப் போட்டாச்சு. பங்காளிக எல்லாம் உக்காந்தாச்சு. இவரு மட்டும் நிக்கறாரு.

“நீங்கெல்லாம் சாப்பிடுங்க. எனக்குச் சித்த வயிறு சரியில்லீங்க. ஒரு டம்ளர் வெந்நி மட்டும் குடுத்தாப் போதும்.”

வெந்நியாமா. எங்கூட்டு வாசப்படி ஏறி வந்து வெந்நி கேட்ட மொத மனுசன் அவருதான். பங்காளிக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்ற நாத்தனா அப்பவே சீலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டா, அழுகற மாதிரி. சிரிக்கறான்னு எனக்குத் தெரியாதா? வெந்நியக் கொண்டுபோயிக் குடுத்தேன். அதையாச்சும் ஒரே மூச்சுல குடிக்கறாரா? ஒவ்வொரு வாயா மென்னு மென்னு குடிக்கறாருங்க. தண்ணிய மெல்லற ஆள நீங்க பாத்திருக்கறீங்களா?

அவங்க காரு எங்க தோட்டத்துத் தடத்தைத் தாண்டறதுக்குள்ள நான் மாரப்பனுக்குப் போன் போட்டேன். ஊடு புடிக்கலைன்னா நேராச் சொல்லச் சொல்லு, பாவம் அந்த வயித்து மேல எதுக்குப் பழியப் போடறது, எங்களுக்கும் அவங்க பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டேன். சொன்னதும் மனசு குளுந்து போச்சு. ஒரு பொழுதுதான் குளுந்துச்சு. அடுத்த நாள் மாரப்பன் வந்து, ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க, அவங்களுக்கு நொம்பப் புடிச்சுப் போச்சுங்க, வாத்தியாருக்கு வயிறு அப்படித்தான், அவரு வெளிய எங்கயும் சாப்பிடறதில்லைங்கறான்.

அவரு என்னதான் சாப்பிடறாருன்னு கேட்டேன். கேக்காமயே இருந்திருக்கலாம். காலையில வெந்நி. அப்பறம் ஊற வச்ச வெந்தயம். அப்பறம் ராகிக் கஞ்சி, அதுவும் கோழி குடிக்கற அளவுக்கு. மத்தியானம் ஒரு கை சோறு, வேக வச்ச சொரக்கா, மோர். பொழுதெறங்கறதுக்குள்ள ராத்திரிச் சோத்தை முடிச்சுருவாராமா. எதுக்குடா இந்தத் தவம்னா, வயசானா வயிறு மந்தமாயிருமாமா, அதுக்குள்ள நல்ல பூச்சிக கோடிக்கணக்குல குடியிருக்குதாமா, அதுகளுக்குப் புடிச்சதைப் பாத்துப் போடோணுமாமா. நான் சொன்னேன், மாரப்பா, நான் எருமைக்குத் தீனி போடறேன், கோழிக்குப் போடறேன், ஊட்டுக்கு வர்ற மனுசங்களுக்குப் போடறேன். அந்த ஆளு பூச்சிக்குப் போடறாரு. அவங்கவங்க தகுதிக்குத் தகுந்த பண்ணையம்.

பூபதி எம் பக்கத்துல வந்து உக்காந்தான். அவன் அப்படி உக்கார மாட்டான். “அம்மா, ஒரு எலைச் சோத்துக்காக என்னை இப்படியே உட்டுறாதம்மா”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். முன் மண்டையில முடி கொட்டிப்போயிருக்குது அவனுக்கு. பெத்த வயிறு, பதறுமா பதறாதா? சரின்னுட்டேன். ஆனா எனக்கும் மொகம்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா? பங்காளிக முன்னால எலைய வெறுமையாப் போட்டுட்டுப் போனது போனதுதானே. அதனால ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அவரு வந்து அதே பங்காளிக முன்னால உக்காந்து ஒரு எலை சாப்பிட்டுப் போகட்டும், நான் பழசையெல்லாம் மறந்தர்றேன். பெரிய சொத்தா கேட்டேன்? சோறு திங்கச் சொன்னேன்.

வந்தாருங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூட அவங்கண்ணன் மட்டும். பொண்ணைக் கூட்டிட்டு வரலை. வாங்கண்ணா, உக்காருங்கன்னேன். உக்காந்தாரு. எலையில தண்ணி தெளிச்சுட்டுச் சித்த நேரம் கண்ண மூடிட்டு இருந்தாரு, சாமி கும்பிடறாருன்னு நெனைச்சேன். அப்பறம் ஆரம்பிச்சாரு. சந்தகை வச்சேன், தேங்காப்பால் ஊத்தினேன், அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு. ஒப்பிட்டு ஒண்ணு. இன்னொண்ணு. வடை. சோறு, பருப்பு, பச்சப்பயிறு. வந்துச்சு பாருங்க எனக்கு ஒரு சந்தோசம், என்ற நாத்தனா மூஞ்சியப் பாத்துப் பாத்து வச்சேன். நடுவுல ஒருக்கா கைய எலைக்குக் குறுக்க வச்சாரு. எனக்குத்தான் அது பழக்கமாச்சே, தள்ளிட்டு வச்சேன்.

அப்பத்தான் எங்கூட்டுக்காரரு, “போதும், விடு மரகதம்”னாரு. பந்தியில அவரு வாயத் தெறந்ததே இல்லைங்க, அன்னைக்குத் தெறக்கறாரு. எனக்கு வந்ததே கோவம். உங்களைக் கேக்கலைன்னு சொல்லிட்டு, எருமைத் தயிரைக் கரண்டியில வெட்டி வாத்தியாருக்கும் அவருக்கும் சேத்து வச்சேன். வாத்தியாருக்கு வேத்து ஊத்துது. காரம் அதிகமான்னு கேட்டேன், இல்லீங்கன்னாரு. எல்லாத்தையும் முடிச்சாரு. ஒரு பருக்கை மிச்சமில்லை. எலைய மடிச்சுட்டு என்னை நிமுந்து பாத்து, “போதுங்களா தங்கச்சி?”ன்னாரு.

போதுமான்னு போடறவங்கதானே கேக்கோணும்? தின்னவரு என்னைக் கேக்கறாரு. வாத்தியாருக்குப் பேசத் தெரியலைன்னு நெனைச்சுக்கிட்டேன். வெத்தலை பாக்கு மாத்தினோம். ஆவணியில கல்யாணம்னு முடிவாச்சு. சாயங்காலமே அந்தத் தாரணிப் புள்ள எனக்குப் போன் பண்ணி, “அத்தை, நல்லா இருக்கறீங்களா”ன்னுச்சு. அத்தைன்னு ஒருத்தி வாயால கூப்பிட்டுக் கேக்க எத்தனை வருசமாக் காத்துக் கெடந்தேன் தெரியுமுங்களா? அடுப்படியில நின்னுட்டு அழுதுட்டேன். வெங்காயம் அரிஞ்சேன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அடுத்த நாள் பொழுதெறங்கறதுக்குள்ள இங்க கொண்டாந்து சேத்திட்டாங்க. குடல் அடைப்பாமா. வயிறு கல்லாட்ட வீங்கிப் போச்சாம்.

ஓடியாந்தோம். டாக்டரு சின்னப் பையன், கண்ணாடி போட்டிருக்கறாரு. அந்த வாத்தியாருக்குப் பல வருசத்துக்கு முந்தியே குடல்ல ஆபரேசன் பண்ணியிருக்குதாமா, அந்த எடம் சுருங்கிப் போயிருக்குதாமா. வயசானாப் பல்லு மெல்லறது கொறையும், தண்ணி தாகம் கொறையும், குடலும் மெதுவாத்தான் தள்ளும், கொஞ்சங் கொஞ்சமா நாலஞ்சு தடவையாச் சாப்பிடோணும், ஒரே நேரத்துல இவ்வளவும் எறங்கினா அது எங்க போகும்னு என்னைக் கேக்கறாரு. எங்க போகும்னு சொல்றதுக்குத்தானே அவரு படிச்சிருக்கறாரு? நானும் விடலை. எங்கூட்டுக்காரருக்கும் எழுவது தாண்டிருச்சுங்க, தெனமும் இதே கை, இதே சோறு, அவருக்கு ஒண்ணுமே இல்லையேன்னேன். டாக்டரு எங்கூட்டுக்காரரைப் பாத்தாரு. எங்கூட்டுக்காரரு ஜன்னலைப் பாத்தாரு.

ஆபரேசனை ஏன் சொல்லலைன்னு அந்தப் புள்ளையக் கேட்டேன். கல்யாணப் பேச்சுல போயிக் குடல்ல வியாதின்னு சொன்னா, பரம்பரை வியாதியா இருக்கும்னு நீங்க ஒதுக்கிருவீங்கன்னு அப்பா பயந்துட்டாருன்னு சொல்லுது. அன்னைக்கு அவரு எங்கூட்டுக்குச் சாப்பிட வந்ததும் அதுக்குத் தெரியாதாமா, தெரிஞ்சிருந்தா விட்டிருக்காதாம். என்ன நெனப்புப் பாருங்க. நான் என்ன அப்படி ஒதுக்கறவளா? நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பேன், அவ்வளவுதான். விசாரிக்கறதுல என்ன தப்பு இருக்குது?

உள்ள போயிப் பாத்தேன். மூக்குல குழாய், கையில ட்ரிப்ஸ். என்னைப் பாத்ததும் அந்தக் கையோட கும்புட்டாரு. குழாய் இருக்கறதால பேச்சு சரியா வரலை. அப்பவும் என்ன சொன்னாரு தெரியுங்களா? “சாப்பாடு அருமைங்க தங்கச்சி.” மரியாதை தெரிஞ்ச மனுசன், அதைச் சொல்லோணும். அந்தப் புள்ள மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. அதுக்கப்பறம் அது என்னை அத்தைன்னு கூப்பிடவே இல்லைங்க. நீங்க, உங்க, அவ்வளவுதான். ரேசன் கடையில பேசற மாதிரி.

நல்லவேளை, கத்தி வைக்காமயே குழாயிலயும் மருந்துலயும் அடைப்பு விட்டுப் போச்சு. இப்பக் கஞ்சித் தண்ணி குடுக்கறாங்க. ஆனா என்ற ஊட்டுல அடைப்பு விடலைங்க. பூபதி எங்கூடப் பேசறதில்லை. கம்பெனி கேண்டீன்லயே சாப்பிட்டுட்டு வந்தர்றான். எங்கூட்டுக்குள்ளயே என்ற கைச் சோறு வேண்டாம்னு மொத மொதல்ல சொன்னது நான் பெத்தவன். அவன் சாப்பிடற வட்டலைக் கழுவிக் கவுத்து வச்சேன், அப்படியே கெடக்குது.

அந்தப் புள்ள நேத்து எங்கிட்ட நேராவே வந்து சொல்லிருச்சு. சத்தம் போடலை, தெளிவாச் சொல்லுச்சு.

“எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுங்க. ஆனா கல்யாணத்துக்கு அப்பறம் எங்கப்பா உங்க ஊட்டுக்கு வந்தா, ஒண்ணும் சாப்பிடாம என்னைப் பாத்துட்டு மட்டும் போகலாமுங்களா? அதை நீங்க உங்க வாயால சொல்லுங்க. நாளைக்குச் சொன்னாப் போதும்.”

ஒண்ணும் சாப்பிடாமப் போறதாமா. சம்பந்தி ஊட்டுக்கு வந்துட்டு! பங்காளிக பாப்பாங்க, என்ற நாத்தனா பாப்பா, ஊரு பாக்கும். அது ஒறவா, இல்ல கரண்ட்டு ரீடிங்கா? நேத்து முச்சூடும் அதே வெசனம். சரின்னு சொன்னா என்ற மொகம் போச்சு. முடியாதுன்னு சொன்னாப் பையன் வாழ்க்கை போச்சு. இன்னொரு பொண்ணு எங்க கெடைக்கும்? இதா, அந்தக் கதவு தெறந்தா அந்தப் புள்ள வெளிய வரும். பதிலு கேக்கும். அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கறேன்.

எங்கூட்டுக்காரரா? அவரு உள்ளதான் இருக்கறாரு. மொத நாள்ல இருந்தே கூட இருந்து நான் பாத்துக்கறேன்னு தங்கிட்டாரு. ராத்திரியும் பகலும் இங்கயேதான். நான் ஊட்டுல இருந்து சோறு கொண்டாந்தா, உள்ள விட மாட்டாங்கன்னு வாசல்லயே வாங்கி வச்சுக்குவாரு. தூக்குப்போசி சுத்தமாக் காலியாத்தான் திரும்பி வரும். நல்லாத்தான் சாப்பிடறாருன்னு இருந்தேன்.

நேத்துச் சாயங்காலம் அந்த வாச்சுமேன் டீ குடிக்கப் போயிருந்தான். நானே போசியத் தூக்கிட்டு ரூமுக்கிட்டப் போயிட்டேன். கதவு பாதி தெறந்து கெடக்குது. நர்சு புள்ள கஞ்சி கொண்டாந்து வாத்தியாருக்கு ஒரு டம்ளர் குடுத்துச்சு, கூட இருக்கறவருக்குன்னு எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு. இவரு ஊதி ஊதிக் குடிக்கறாரு. குடிச்சு முடிச்சுட்டு டம்ளரை நீட்டறாருங்க. “இன்னுங் கொஞ்சம் இருந்தா ஊத்து கண்ணு”ங்கறாரு. நர்சு புள்ள ஊத்துச்சு. அதையும் குடிச்சாரு.

அப்பறம் வாத்தியார்கிட்டச் சொல்றாரு. “உங்களைப் படுக்க வச்சுட்டு நான் நல்லாயிட்டனுங்க மச்சான். வருசக்கணக்குல ஈசிசேர்லயே கெடந்தேன். இங்க வந்துதான் காலை நீட்டிப் படுத்துத் தூங்கறேன்.”

வாத்தியாரு, தங்கச்சிகிட்டச் சொல்றதுதானுங்களேன்னாரு. எங்கூட்டுக்காரரு டம்ளரைக் கீழ வச்சாரு. நானும் கதவுக்கிட்ட மூச்சை அடக்கிட்டு நிக்கறேன்.

“சொல்லலாமுங்க. அப்பறம் அவளுக்கு வேற என்ன இருக்குது?”

வேற என்ன இருக்குதாமா. கேட்டீங்களா அம்மணி? எருமை இருக்குது, மஞ்சக்காடு இருக்குது, நாத்தனா இருக்கறா. எனக்கா ஒண்ணும் இல்லை? உள்ள போயி நல்லாக் கேட்டிருப்பேன். என்னமோ போகலை. பொக்குனு போச்சு மனசு. இந்தக் கையால பொங்கிப் போட்டதைத்தான் அவரு அப்படிச் சகிச்சுட்டு இருந்தாருன்னு, அதை வேத்து மனுசங்கிட்டச் சொல்றாரு பாருங்க, அதைக் கேட்டுட்டு நிக்கறப்ப அழுகை வந்துருச்சுங்க. ஆசுபத்திரியில அழுதா ஆரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அது ஒரு சௌகரியம். டீ குடிச்சுட்டு வந்த வாச்சுமேன்கிட்ட அந்தப் போசியக் குடுத்துட்டேன். வழிச்சுத் தின்னுட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னான். அவனுக்காச்சும் நாக்கு இருக்குது. அப்பத்தான் இன்னொண்ணும் சொன்னான், தெனமும் உங்கூட்டுக்காரர் எனக்குத்தானுங்க குடுப்பாருன்னு.

இருங்க, கதவு தெறக்கறாங்க. அந்தப் புள்ளைதான். நீங்க எந்திரிக்காதீங்க, இங்கயே இருங்க. கூட ஒருத்தர் இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும்.

வா கண்ணு. அப்பா தேவலையா? கஞ்சி குடிச்சாரா? சரி. நேத்து நீ கேட்டதுக்குச் சொல்றேன். வரட்டும். எப்ப வேணும்னாலும் வரட்டும். வந்து உன்னைப் பாக்கட்டும், வெந்நி குடிக்கட்டும். ஒண்ணும் சாப்பிடாமயே போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பங்காளிக எதாச்சும் கேட்டா, எங்கண்ணன் அவரு ஊட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தாருன்னு சொல்லிக்கறேன். கையக் குறுக்க வச்சா... வச்சா வைக்கட்டும், தள்ள மாட்டேன். போதுமா?

போயிருச்சு. கேட்டீங்களா என்ன சொல்லிட்டுப் போகுதுன்னு? “சரிங்கத்தை.” அத்தைன்னு சொல்லுச்சில்லைங்க? உங்க காதுலயும் அப்படித்தானே விழுந்துச்சு? ஆவணியில கல்யாணம், நீங்க கட்டாயம் வரோணும், பத்திரிக்கை அனுப்பறேன். எலை போடாம விட மாட்டேன்... இல்ல, உங்களுக்கு வேணும்னா.

கூட்டம் உள்ள போகுது, நீங்களும் போங்க. போறப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்கம்மாவுக்கும் அதே கஞ்சிதானே? அதுல என்னென்ன போடறாங்கன்னு அந்த நர்சு புள்ளைகிட்ட நைசாக் கேட்டு வாங்குங்க. நான் கேட்டாச் சொல்ல மாட்டாங்க. எங்கூட்டுக்காரரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அதையே வச்சுக் குடுக்கலாம்னுதான்.

என்னது, உங்களுக்கே தெரியுமா? அரிசி நொய்யி, தண்ணி, உப்பா? அவ்வளவுதானா? வேற ஒண்ணுமே போடறதில்லையா?

உங்களை ஏமாத்தியிருக்கறாங்க அம்மணி. என்னமோ போடறாங்க. ஒண்ணுமே போடாத கஞ்சிக்கா அந்த மனுசன் டம்ளரை நீட்டி இன்னுங் கொஞ்சம்னு கேப்பாரு? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நானும் ஊத்திட்டுத்தான் இருக்கறேன், எங்கிட்ட ஒரு நாளும் நீட்டினதில்லீங்களே.